மாத்திரை அட்டையும் அதை அடைக்கும் இயந்திரமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

உங்கள் வீட்டில் தற்போது பயன்பாட்டில் உள்ள மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இதைப் படிக்கவும். அதன் ஒரு பக்கத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குமிழ்கள் இருக்கலாம். அல்லது இரு பக்கமும் வெள்ளி நிறத்தில், உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கலாம். இந்த வேறுபாடு அழகுக்காக ஏற்பட்டதன்று. மருந்து ஆலையில் எவரோ ஒருவர் ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. அந்தத் தேர்வு சரியாக அமைந்ததா என்பதை ஆலை ஒரு வகையிலும், நோயாளி வேறொரு வகையிலும் அறிந்துகொள்கின்றனர்.

இப்பொருளைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. மருந்து உற்பத்திக்கான நல்ல நடைமுறைகளை வகுக்கும் அட்டவணை ‘எம்’, 2023 டிசம்பரில் மத்திய அரசால் முழுமையாகத் திருத்தி அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 250 கோடி ரூபாய்க்கு மேல் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அதற்கு இணங்க வேண்டியிருந்தது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களில் மேம்பாட்டுத் திட்டத்துடன் விண்ணப்பித்தவற்றுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. நம் நாட்டில் விற்கப்படும் மருந்துகளில் ஒரு பகுதி இத்தகைய சிறு ஆலைகளில் உருவாகிறது. ஆகவே, பழைய பொதியிடல் இயந்திரத்தை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, மாற்றினால் எதை வாங்குவது என்னும் கேள்வி பல ஆலைகளில் மெய்யாகவே எழுந்துள்ளது. அதற்கு அவர்கள் காணும் விடை, சில மாதங்களில் சங்கரன்கோவில் மருந்துக் கடையின் மேசைக்கும் வந்து சேரும்.

காகிதப் பொட்டலத்திலிருந்து அட்டைக்கு

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். அரசு மருத்துவமனைக்குச் செல்லும்போது வீட்டிலிருந்தே ஒரு கண்ணாடிப் புட்டியைக் கழுவி எடுத்துச் செல்வோம். வயிற்று வலிக்கான கலவை மருந்து அதில் ஊற்றித் தரப்படும். மாத்திரைகள் பெரிய டப்பாவிலிருந்து எண்ணி எடுக்கப்பட்டு, காகிதத்தில் மடித்துத் தரப்படும். காய்ச்சல் மாத்திரையும் வெள்ளை, இரத்த அழுத்த மாத்திரையும் வெள்ளை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் எது எதுவென்று சொல்ல எவராலும் இயலாது. மழைக்காலத்தில் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலாவதித் தேதி டப்பாவில் மட்டுமே இருக்கும். டப்பா மருத்துவமனையிலேயே இருக்கும்.

1994-இல் நிறுவப்பட்டு 1995 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்நிலையை மாற்றியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரிக் கொள்முதல் செய்தல், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் தேர்ச்சி பெற்ற பின்னரே விநியோகித்தல் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. அவ்வளவாகப் பேசப்படாத மற்றொன்றும் உண்டு. மாத்திரைகளை அட்டையில் அடைத்தே வழங்க வேண்டும் என்றும், அட்டையின் மீது கழகத்தின் இலச்சினை அச்சிடப்பட வேண்டும் என்றும் அது நிபந்தனை விதித்தது. வெளிச்சந்தைக்குக் கள்ளத்தனமாகச் சென்ற அரசு மருந்தை அடையாளம் காண்பது இலச்சினையால் எளிதாயிற்று. நோயாளிக்குக் கிடைத்த பயன் அதைவிடப் பெரிது. மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் முதன்முறையாக அவர் வீடு வரை சென்றன. ராஜஸ்தான், கேரளம் உள்ளிட்ட மாநிலங்கள் பின்னர் இவ்வமைப்பைப் பின்பற்றித் தத்தம் கழகங்களை நிறுவின.

கொள்முதல் செய்பவர் பொதியிடலுக்கான நிபந்தனையைத் தெளிவாக எழுதினால், ஆலை அதற்கேற்ற இயந்திரத்தை வாங்கியே தீர வேண்டும். சட்டத்தின் கட்டாயத்தைவிட இது சில வேளைகளில் விரைவாகவே பலன் தருகிறது என்பது என் கருத்து.

ஒரே நூல், வெவ்வேறு தறி

நம் ஊரில் விசைத்தறியைப் பற்றி எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே நூலை இரு தறிகளில் ஓட்டினால் துணியின் நெருக்கம் மாறுபடும் என்பது இங்கு சிறுவர்களுக்கும் தெரியும். மாத்திரைக்கும் அஃதே. ஒரே மாத்திரையை மூன்று வகை இயந்திரங்களில் அடைக்கலாம்.

முதலாவது ஸ்ட்ரிப் இயந்திரம். இரண்டு அலுமினியத் தாள்கள் சூடான இரு உருளைகளுக்கு இடையே இறங்கும். மாத்திரைகள் அவற்றின் நடுவே விழும். உருளைகள் சுற்றிலும் அழுத்தி ஒட்டிவிடும். இரண்டாவது பிளிஸ்டர் இயந்திரம். ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிக் குழிகள் உருவாக்கி, மாத்திரைகளை அதில் இட்டு, மேலே மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டுவது. நாம் பெருவிரலால் அழுத்தி மாத்திரையை வெளியே தள்ளும் அட்டை இதுவே. மூன்றாவது ‘அலு-அலு’ எனப்படுவது. இதில் குழியும் அலுமினியம், மூடியும் அலுமினியம். குழி உண்டாக்கச் சூடு பயன்படுத்தப்படுவதில்லை. அச்சினால் அழுத்தியே குழிக்கப்படும். அலுமினியத்தைச் செங்குத்தாக ஆழமாக இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் குழிகள் அகலமாகவே இருக்கும். சிறிய மாத்திரைக்கு இவ்வளவு பெரிய அட்டையா என்று நீங்கள் வியந்திருந்தால், காரணம் இதுதான். விலையைக் கூட்டுவதற்கான தந்திரம் என்று சிலர் என்னிடம் கூறியுள்ளனர், அவ்வாறன்று.

பி.வி.சி. பிளாஸ்டிக் நீராவியை முற்றிலும் தடுப்பதில்லை. மிக மெதுவாக, நாள்தோறும் சிறிதளவு ஈரம் அதனூடே உள்ளே செல்லும். பாராசிட்டமால் போன்ற மருந்துக்கு அது பெரிய இடையூறு அன்று. ஆனால் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தான அமாக்சிசிலினுடன் சேர்த்துத் தரப்படும் கிளாவுலனிக் அமிலம் ஈரம் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். வலிப்பு நோய்க்கான சோடியம் வால்புரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகும். ஆஸ்பிரின் ஈரத்தில் சிதைந்து புளிக்காடி வாடை வீசும். இத்தகைய மருந்துகளுக்கு அலுமினியத் தடுப்பு தேவை. சில நிறுவனங்கள் பி.வி.சி. தாளின் மீது பி.வி.டி.சி. என்னும் மேற்பூச்சு இட்டு இடைவழி காண்கின்றன. ஈரத் தடுப்பு கூடும், செலவு அலுமினிய அளவுக்கு ஏறாது.

அப்படியானால் எல்லா மாத்திரைகளையும் அலு-அலுவில் அடைத்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த இயந்திரத்தின் வேகம் குறைவு; தாளின் விலை அதிகம்; ஒரு பெட்டியில் கொள்ளும் மாத்திரைகள் குறைவு; மேலும் மாத்திரை உடைந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்பதை நோயாளியால் வெளியிலிருந்து பார்க்க இயலாது. மூட்டு வாதத்தால் விரல்கள் வளைந்த முதியவர்களுக்குத் தடித்த அலுமினியத் தாளைப் பிரிப்பதே ஒரு சோதனை. ஆகவே எது சிறந்த இயந்திரம் என்ற கேள்வியைத் தனியாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த மருந்துக்கு, எந்தத் தட்பவெப்பத்துக்கு, எவர் கைக்கு என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். உருளையால் ஒட்டும் இயந்திரம் நிற்காமல் ஓடும். ஆனால் தாள் உருளையைத் தொடும் நேரம் மிகக் குறைவு. தட்டையான தகடுகளால் அழுத்தி ஒட்டும் இயந்திரம் சற்று மெதுவாக ஓடினாலும் ஒட்டும் நேரம் கூடுதல். சூடு, அழுத்தம், நேரம் ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் ஒட்டுப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஏற்படும். இதைக் கண்டறிய ஆலைகளில் ஓர் எளிய சோதனை உண்டு. மெத்திலீன் நீலம் கலந்த நீரில் அட்டைகளை மூழ்கவைத்து, காற்றை உறிஞ்சி, மீண்டும் காற்றை விடுவார்கள். ஓட்டை இருந்தால் நீல நீர் உள்ளே புகுந்து மாத்திரையில் கறை படியும். இத்தனை எளிய சோதனையைப் பணிநேரம் முழுவதும் குறித்த இடைவெளியில் செய்து பதிவு செய்கிறார்களா என்பதில்தான் ஓர் ஆலைக்கும் மற்றோர் ஆலைக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும்.

கலந்துபோகும் ஆபத்து

சிறு ஆலை ஒன்றில் காலையில் நீரிழிவு மாத்திரையும் பிற்பகலில் இரத்த அழுத்த மாத்திரையும் ஒரே இயந்திரத்தில் ஓடக்கூடும். காலை ஓட்டத்தின் ஒரு மாத்திரை இயந்திரத்தின் மூலையில் தங்கிவிட்டு, பிற்பகல் அட்டையில் விழுந்தால் என்னவாகும்? நீரிழிவு இல்லாத ஒருவர் சர்க்கரையைக் குறைக்கும் மருந்தை விழுங்குவார். அட்டவணை ‘எம்’ இதனால்தான் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் இயந்திரத்தையும் சுற்றுப்புறத்தையும் முற்றிலும் அகற்றித் தூய்மைப்படுத்தி, இருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்கிறது. அச்சிட்ட தாள் எத்தனை வாங்கப்பட்டது, எத்தனை பயன்பட்டது, எத்தனை அழிக்கப்பட்டது என்ற கணக்கும் பொருந்த வேண்டும்.

இயந்திரம் வாங்கும்போதே இவ்வாபத்தைக் குறைக்கலாம். எளிதில் கழற்றிக் கழுவக்கூடிய பாகங்கள், மாத்திரை ஒளிந்துகொள்ள மூலைகள் இல்லாத அமைப்பு, ஒவ்வொரு குழியையும் படம் பிடித்து வெற்றுக் குழியையும் வேறு நிற மாத்திரையையும் கண்டு அவ்வட்டையை ஒதுக்கும் கேமரா ஆகியவை இன்று கிடைக்கின்றன. ஆயினும் ஒரே நிறம், ஒரே அளவுள்ள இரு வெள்ளை மாத்திரைகளைக் கேமராவால் எளிதில் வேறுபடுத்த இயலாது. அங்கே மனிதரின் ஒழுங்கே காவல். கேமரா வாங்கிவிட்டோம் என்று தூய்மைப்படுத்தலைத் தளர்த்தும் ஆலை, கேமரா இல்லாத ஆலையைவிட ஆபத்தானது.

உங்கள் பங்கு இதில் சிறிதாயினும் உண்டு. அட்டையில் ஒரு மாத்திரை மட்டும் வடிவத்திலோ நிறத்திலோ மாறியிருந்தால் உட்கொள்ளாமல் அப்படியே மருந்தாளுநரிடம் கொண்டுவாருங்கள். குப்பையில் எறிந்துவிட வேண்டாம்; அந்த அட்டையே சான்று.

ஒரு வலிப்பு நோயாளியின் தாய்

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து பதினான்கு வயது மகனுடன் ஒரு தாய் வந்தார். ஒன்றரை ஆண்டுகளாக வலிப்பு கட்டுக்குள் இருந்தது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை வந்துவிட்டது. மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடவில்லை என்று அவர் உறுதியாகக் கூறினார். அதை நம்பாமல், தவறியிருக்கும் என்றே நான் எண்ணினேன். அடுத்த முறை மாத்திரைகளை எடுத்துவரச் சொன்னபோது, ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். இரு மாதத்துக்கான வால்புரோயேட் மாத்திரைகள் எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கப்பட்டு அதில் கிடந்தன. பாதி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டப்பா சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேலே இருந்ததாம். நாள்தோறும் எண்ணிப் பார்க்க வசதியாக இருக்கும், ஒன்றும் விட்டுப்போகாது என்பதற்காகவே அவர் அவ்வாறு செய்திருந்தார். கவனக்குறைவால் அல்ல, மிகுந்த கவனத்தால் நேர்ந்த பிழை அது. மருந்தை எழுதிய நானும், வழங்கிய எங்கள் பிரிவும், அட்டையிலேயே இருக்கட்டும் என்று ஒரு முறையும் அவரிடம் கூறியிருக்கவில்லை.

மருந்தையோ அளவையோ மாற்றாமல், புதிய அட்டைகளைக் கொடுத்து அனுப்பினோம். அதன் பின் வந்த மாதங்களில் வலிப்பு வரவில்லை. ஒரு நிகழ்வை மட்டும் வைத்துக் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆயினும் அன்று முதல் வால்புரோயேட் எழுதும்போது அட்டையைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதியவர்களுக்காக ஒரு வாரப் பெட்டியில் மாத்திரைகளைப் பிரித்து வைக்கும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. மறதியுள்ளவர்களுக்கு அது நன்மையே. ஒரு வாரத்துக்கு மட்டும் நிரப்புங்கள். எந்தெந்த மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்து வைக்கலாம் என்று முதலில் மருந்தாளுநரிடம் கேளுங்கள். நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை கண்ணாடிப் புட்டியில் வந்தால் அதிலேயே இருக்க வேண்டும். அம்மருந்து ஆவியாகிவிடும், பிளாஸ்டிக்கும் அதை உறிஞ்சிவிடும். தைராய்டு மாத்திரைப் புட்டிக்குள் இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்கானது. அதை எடுத்து எறியவும் கூடாது, மாத்திரையென்று விழுங்கவும் கூடாது. மாத்திரையை அட்டையோடு சேர்த்து ஒவ்வொரு குழியாக வெட்டி வைப்பவர்களும் உள்ளனர். பார்வை மங்கிய முதியவர் அவ்வெட்டிய துண்டை அப்படியே விழுங்கி, அதன் கூரிய முனை உணவுக்குழாயைக் கிழித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவர்களுக்கு மாத்திரையை நீங்களே பிரித்துக் கையில் கொடுங்கள்.

கண் மருந்துப் புட்டி சொல்லும் பாடம்

மாத்திரையைவிடத் திரவ மருந்தில் பொதியிடலின் பொறுப்பு கூடுதல். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள ஓர் ஆலையில் தயாரிக்கப்பட்டு அமெரிக்காவில் ‘எஸ்ரிகேர்’ முதலான பெயர்களில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் மருந்து திரும்பப் பெறப்பட்டது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்றுடன் அது தொடர்புபடுத்தப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 மே மாதம் வரை 18 மாநிலங்களில் 81 நோயாளிகளைப் பதிவு செய்தது. அவர்களில் 4 பேர் இறந்தனர். 14 பேர் பார்வையிழந்தனர். 4 பேருக்குக் கண்விழியே அகற்றப்பட்டது. ஆலையில் பாதுகாக்கப்பட்டிருந்த மாதிரிகளில் கிருமி காணப்படவில்லை என்று இந்தியத் தரப்பில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ மூன்று குறைகளைச் சுட்டியது: போதிய நுண்ணுயிர்ப் பரிசோதனை இல்லை; பலமுறை திறந்து பயன்படுத்தும் புட்டியில் போதிய கிருமித்தடுப்புப் பொருள் சேர்க்கப்படவில்லை; புட்டி முன்னரே திறக்கப்பட்டதா என்பதைக் காட்டும் முத்திரை மீது முறையான கட்டுப்பாடு இல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் பொதியிடலைச் சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள். கிருமித்தடுப்புப் பொருள் சேர்க்காத கண் மருந்தை விற்பதே தவறன்று. அது கண்ணை உறுத்தாது என்பதால் சிலருக்கு அதுவே நல்லது. ஆனால் அதை ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குமிழ்களில் அடைக்க வேண்டும். அதற்கென ஓர் இயந்திரம் உண்டு. பிளாஸ்டிக்கை உருக்கி, ஊதிக் குமிழாக்கி, கிருமி நீக்கிய திரவத்தை நிரப்பி, வாயை மூடுவது வரை சில நொடிகளில், மனிதக் கை படாமல் அது முடித்துவிடும். விலை மிகுந்த இயந்திரம். பல நாட்கள் பயன்படுத்தும் புட்டியாயின் கிருமித்தடுப்புப் பொருள் வேண்டும், அல்லது கிருமி உள்ளே திரும்பிச் செல்ல விடாத தனி வகை முனை வேண்டும். மருந்தின் கலவையும் புட்டியும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியவை. ஒன்றை மட்டும் சிக்கனப்படுத்தினால் மற்றவை காப்பாற்றுவதில்லை.

நீங்கள் வாங்கும் கண் மருந்துப் புட்டியின் மூடியைச் சுற்றியுள்ள வளையம் முறியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த தேதியைப் புட்டியில் எழுதிவையுங்கள். வேறு குறிப்பு இல்லாவிடில் 4 வாரங்களுக்குப் பின் எறிந்துவிடுங்கள், மீதி இருந்தாலும். முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. கண்புரை அறுவை செய்துகொண்ட இருவர் ஒரே புட்டியைப் பகிர்வதை முதியோர் வாழும் வீடுகளில் காண்கிறோம். அதைத் தவிர்க்க வேண்டும்.

சிவப்பு மாத்திரையும் சிறு குழந்தையும்

கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை சிவந்து, பளபளப்பாக, மிட்டாய் போல் இருக்கும். அவர்கள் வீட்டில் பெரும்பாலும் மூத்த குழந்தை ஒன்று தவழ்ந்தோ நடந்தோ கொண்டிருக்கும். தாய்க்கு நன்மை தரும் அம்மாத்திரை பத்துப் பதினைந்தை இரண்டு வயதுக் குழந்தை ஒருசேர விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 1997-இல், ஒரு மாத்திரையில் 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இரும்புச்சத்து இருந்தால் புட்டியில் கொட்டி விற்காமல் தனித்தனிக் குழிகளில் அடைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. குழந்தை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் நேரத்துக்குள் எவரேனும் பார்த்துவிடுவர் என்பதே அதன் கணக்கு. அக்காலத்தில் சிறு குழந்தைகளின் இரும்பு நச்சு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நீதிமன்றம் அவ்விதியைப் பின்னர் 2003-இல் நீக்கியது என்பது வேறு கதை.

நம் அரசு விநியோகத்தில் இம்மாத்திரை அட்டையிலேயே வருகிறது. அதைப் பிதுக்கி டப்பாவில் போட்டு வைத்தால் இயந்திரம் தந்த பாதுகாப்பை நாமே நீக்கிவிடுகிறோம். அட்டையோடு, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலே, குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், அட்டையுடன் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இரும்பு நச்சில் முதல் அறிகுறிகள் தணிந்து குழந்தை தேறியது போல் தோன்றும் ஒரு கட்டம் உண்டு. அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அட்டையில் அச்சிட்டிருப்பதும் அச்சிட இயலாததும்

கடையில் 10 மாத்திரை கொண்ட அட்டையை வெட்டி நான்கை மட்டும் கேட்டு வாங்குவது நம் வழக்கம். வருமானம் குறைந்தவருக்கு அது தேவை. குறை கூற மாட்டேன். ஆனால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு முனையில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். வெட்டிய துண்டில் அவை இருக்காது. அரசு மருத்துவமனைகளிலும் அட்டையை வெட்டித் தரும் நிலை உண்டு. ஒவ்வொரு குழியின் பின்னும் தேதி விழும்படியும், துளைக்கோட்டில் கிழிக்கும்படியும் அட்டைகளைத் தயாரிக்க இயந்திரங்களால் இயலும். அச்சும் வெட்டும் துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்பதால் செலவு கூடுகிறது. 2023-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இது குறித்து மருந்துத் துறையினருடன் கலந்து பேசியது. அது நடைமுறைக்கு வரும் வரை, வெட்டுவதற்கு முன் முழு அட்டையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரரும் மறுக்கப் போவதில்லை.

அதிகம் விற்பனையாகும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூ.ஆர். குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கைபேசியால் அதைப் படித்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதிகள், உரிம எண் ஆகியவை தெரிய வேண்டும். அவை அட்டையில் அச்சிட்டிருப்பதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இக்குறியீட்டுக்காகவும் ஆலைகள் தங்கள் வரிசையில் புதிய அச்சுக் கருவிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆனால் எவ்வளவு நல்ல அச்சும் உள்ளே இருப்பதற்கு உறுதி தராது. 2025 அக்டோபரில் நாம் அனைவரும் கேட்ட செய்தி அதுவே. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தின் எஸ்.ஆர்.-13 என்னும் தொகுதியில் 48.6 சதவீத அளவுக்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு இருந்ததைத் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் கண்டறிந்தது. அனுமதிக்கத்தக்க வரம்பு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அப்புட்டிகளில் முத்திரை இருந்தது, சீட்டு இருந்தது, தொகுதி எண்ணும் தேதியும் இருந்தன. 2027 ஏப்ரல் வரை பயன்படுத்தலாம் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்டதை அச்சிட்டது, அவ்வளவே. மூலப்பொருளைச் சோதிக்காமல் கலந்தவர்களின் பிழையை எந்தப் பொதியிடல் இயந்திரமும் பிடித்திருக்க முடியாது.

எனினும், அந்தத் தொகுதி எண்தான் தேடலைச் சாத்தியமாக்கியது. எந்தப் புட்டிகளை எந்தெந்த மாநிலங்களில் நிறுத்த வேண்டும் என்பது அந்த நான்கு எழுத்து எண்களால் தெரிந்தது. இதே மருந்து காகிதப் பொட்டலக் காலத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டியில் ஊற்றித் தரப்பட்டிருந்தால், எதைத் திரும்பப் பெறுவது என்றே எவருக்கும் தெரிந்திராது. ஆகவே குழந்தைக்குக் கொடுத்த மருந்தின் புட்டியை, நோய் குணமான பின்னரும் ஒரு மாதமாவது எறியாமல் வையுங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது என்றும், 5 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை அக்டோபர் 3 அன்று அறிவுறுத்தியதையும் இங்கு நினைவூட்டுகிறேன். மருந்து கொடுத்த பின் குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

பொதி நோயாளியோடு பேசும்போது

பொதியிடலை வெறும் உறை என்று கருதாமல் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதிய திட்டங்களும் நம் நாட்டில் உண்டு. தொழுநோய்க்கான கூட்டு மருந்து, எந்த நாளில் எதை உண்பது என்று எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி 28 நாட்களுக்கான அட்டையாக அடைக்கப்படுகிறது. காசநோய்க்கான ‘99டாட்ஸ்’ முறையில் மாத்திரை அட்டையின் மீது ஓர் உறை ஒட்டப்பட்டது. நோயாளி மாத்திரையைப் பிதுக்கும்போது உறையின் பின்னால் மறைந்திருந்த தொலைபேசி எண் வெளிப்படும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரை எடுத்ததாகப் பதிவாகும். விலை உயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. அச்சிட்ட ஒரு தாள் மட்டுமே. அரசு கொள்முதலில் மருந்தின் விலையை மட்டும் ஒப்பிடாமல் இத்தகைய பொதிகளுக்கும் மதிப்பெண் தரலாம் என்பது மருத்துவமனையில் தினமும் நோயாளிகளைக் காணும் ஒருவனாக என் விருப்பம். முதியோருக்கு எளிதில் பிரியும் அட்டை, காலை, இரவு என்று படத்தால் காட்டும் அச்சு ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்கலாம். 1995-இல் அட்டையைக் கேட்டுப் பெற்ற மாநிலம்தானே இது.

மருந்தின் அட்டையில் ஓட்டை, ஈரம், நிற மாற்றம், முறிந்த முத்திரை, பொருந்தாத எழுத்து ஆகியவற்றைக் கண்டாலோ, மருந்தால் பாதிப்பு ஏற்பட்டதாக ஐயமிருந்தாலோ, பொதியுடன் உங்கள் மருந்தாளுநரையோ மருத்துவரையோ அணுகலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும், மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். அழைக்கும்போது மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.